வட்டம், தோட்டா, அறுகோணம்

கேள்வி: குளம் ஒன்றின் ஆற்றல் ஓட்டத்தைக் காட்டும் படத்தில் வட்டம், அறுகோணம், துப்பாக்கித் தோட்டா போன்ற உருவம் எனப் பல வடிவங்களைக் கண்டேன். வெறும் கட்டங்களும் அம்புக்குறிகளும் போதாவா?

பதில்: கட்டங்களாலும் வரையலாம், ஆனால் எல்லாம் ஒரே தோற்றத்தில் இருந்தால் ஆற்றலைத் தருவது எது, சேர்த்துவைப்பது எது, உண்பது எது என்பது தெரியாது. அமெரிக்கச் சூழலியலாளர் ஹோவர்டு ஓடம் உருவாக்கிய இந்தக் குறியீட்டு மொழியில் வட்டம் என்பது சூரியனைப் போல அமைப்புக்கு வெளியே இருக்கும் ஆற்றல் மூலம். தோட்டா வடிவம் பசுந்தாவரம். அறுகோணம் நுகரும் உயிர். தொட்டி வடிவம் சேமிப்பு. தொட்டியின் இருப்பு மாறும் வேகம் வரவிலிருந்து செலவைக் கழித்தால் கிடைப்பது என்பதால், படத்தை ஒழுங்காக வரைந்தவர் கணினி மாதிரிக்கான சமன்பாடுகளையும் பெருமளவு எழுதிவிட்டவர் ஆகிறார்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது என்று நான் கருதுவது, மின்சுற்றுப் படத்தின் எர்த் குறியைப் போலக் கீழ்நோக்கி இறங்கி முடியும் வெப்ப வடிகால் குறியாகும்; மீண்டும் பயன்படாத வெப்பமாக ஆற்றல் வெளியேறுவதை அது காட்டுகிறது. புதிதாக வரைகிறவர்கள் பெரும்பாலும் மறப்பதும் அதையே. புளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸ் நீரூற்றை ஆராய்ந்து ஓடம் 1957இல் வெளியிட்ட கணக்கின்படி, ஓராண்டில் ஒரு சதுர மீட்டரில் தாவரங்கள் ஒளிச்சேர்க்கையால் சேர்த்த 20,810 கிலோகலோரியில் 11,977 அவற்றின் சுவாசத்திலேயே வெப்பமாகிவிட, எஞ்சியது 8,833 மட்டுமே. அதில் தாவர உண்ணிகளுக்குச் சென்றது 3,368. அவற்றைத் தின்னும் ஊனுண்ணிகளுக்கு 383. உச்சியில் இருப்பவற்றுக்கு வெறும் 21. ஒவ்வொரு படியிலும் வடிகால் கோட்டை வரையாவிட்டால், இந்தச் சரிவுக்குப் படத்தில் காரணமே இருக்காது.

கேள்வி: அதே படத்தில் சத்துப் பொருள்களின் சுழற்சியையும் காட்டலாமா?

பதில்: காட்டலாம். மட்கிய உடல்களிலிருந்து விடுபடும் நைட்ரஜனும் பாஸ்பரசும் நுகர்வோர் பக்கத்திலிருந்து இடப்புறமாகத் திரும்பித் தாவரத்தை அடைவதாகக் கோடு வரைய வேண்டும். அங்கே ஒளியும் சத்தும் கூடும் இடத்தில் பெருக்கல் குறியிட்ட, கூர்முனை கொண்ட கட்டம் வரும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் விளைச்சல் சுழியம் என்பது அதன் பொருள். வடிகாலுக்குள் சென்ற வெப்பத்திற்கு மட்டும் திரும்பும் கோடு வரையக் கூடாது.