கழுத்தை நெரிக்கிறது, முதுகு குளிர்கிறது: வெட்சூட் அளவு சரிதானா?

கேள்வி: எனக்கு வயது 41. ஸ்கூபா டைவிங் கற்று வருகிறேன். வாடகை வெட்சூட்டை (நீரில் குளிராமலிருக்க உடம்போடு ஒட்டி அணியும் ரப்பர் உடை) போட்டு ஜிப்பை ஏற்றியதுமே கழுத்தை நெரிப்பதுபோல் இருக்கிறது. மேற்பரப்பில் மிதக்கும்போது தலைசுற்றி, கண் இருட்டிக்கொண்டு வருகிறது. ஆழத்துக்குப் போனால் அது குறைகிறது. ஆனால் அங்கே கீழ்முதுகில் ஜில்லென்று நீர் புகுந்து நடுங்கத் தொடங்கிவிடுகிறேன். ‘வெட்சூட் என்றால் இறுக்கமாகத்தான் இருக்கும், போகப்போகப் பழகிவிடும்’ என்கிறார் பயிற்சியாளர். எனக்கு இதயத்தில் ஏதும் கோளாறு இருக்குமா?

மருத்துவர் பதில்: வெட்சூட் உடம்போடு ஒட்டித்தான் இருக்க வேண்டும், பயிற்சியாளர் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் கண் இருட்டுவது பழகிக்கொள்ள வேண்டிய விஷயமே இல்லை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால், ஒரே சூட் உங்களுக்குக் கழுத்தில் சிறிதாகவும் முதுகில் பெரிதாகவும் இருக்கிறது. இரண்டும் தனித்தனித் தொந்தரவுகள்.

முதலில் கழுத்து. தாடைக் கோணத்துக்குச் சற்றுக் கீழே, இரு பக்கமும், மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்களின் சுவரில் ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. குழாய் உள்ளிருந்து விரிந்தால் ‘அழுத்தம் கூடிவிட்டது’ என்று அவை மூளைக்குச் சொல்லும். மூளை இதயத் துடிப்பைக் குறைக்கும், ரத்தக் குழாய்களைத் தளர்த்தும். வெளியிலிருந்து ஒரு காலர் அழுத்தினாலும் சிலருக்கு அதே பதில்தான் கிடைக்கிறது. உண்மையில் கூடியிராத ரத்த அழுத்தம் தேவையில்லாமல் இறங்குகிறது. தலைசுற்றலும் கண் இருட்டலும் அதனால் வரலாம். கழுத்தைத் திருப்பும்போது கூடுகிறதா என்று கவனியுங்கள். நடுநீரில் மயங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த முறை அறிகுறி தெரிந்த உடனே காலரைத் தளர்த்துங்கள், கூட வருபவரிடம் சொல்லுங்கள், அன்றைக்கு இறங்காதீர்கள்.

சூட் மார்பை இறுக்கினால் அதுவும் லேசானதல்ல. மார்புக்கூடு விரிய முடியாவிட்டால் மூச்சு மேலோட்டமாகிறது, உடம்பில் கார்பன் டை ஆக்சைடு தேங்குகிறது, தலைவலியும் பதற்றமும் வருகின்றன. நீரில் மூழ்கும்போது கைகால்களின் ரத்தம் ஏற்கெனவே மார்புப் பக்கம் கூடுகிறது. குளிர்ந்த நீர், உயர் ரத்த அழுத்தம், கடும் உழைப்பு ஆகியவற்றோடு மிக இறுக்கமான சூட்டும் சேர்ந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் அபாயம் கூடலாம். நீரில் இருக்கும்போது திடீர் மூச்சுத்திணறல், இருமல், நுரைத்த சளி தெரிந்தால் உடனே, ஆனால் நிதானம் இழக்காமல், மேலே வந்து கரையேறி, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி அந்த நடுக்கம். காற்றைவிட நீர் உடல் வெப்பத்தைச் சுமார் 25 மடங்கு வேகமாகக் கடத்தும். வெட்சூட் உங்களை நனையாமல் காப்பதில்லை. உள்ளே புகும் மெல்லிய நீர்ப்படலம் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி, அங்கேயே தங்க வேண்டும். கீழ்முதுகில் இடைவெளி இருந்தால் ஒவ்வொரு அசைவுக்கும் சூடான நீர் வெளியேறிக் குளிர்ந்த நீர் உள்ளே வரும். அதோடு, 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைவிட இரு மடங்கு. சூட் செய்யப்பட்ட நியோப்ரீன் என்ற ரப்பருக்குள் இருக்கும் வாயுக் குமிழிகள் சுருங்கி, துணி மெலிந்து, அதன் காப்பும் குறைகிறது. கட்டுப்படுத்த முடியாத நடுக்கமோ, விரல்கள் சொன்னபடி கேட்காத நிலையோ வந்தால் அன்றைய டைவை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

சூட்டைத் தேர்ந்தெடுக்கும்போது உயரம், எடை மட்டும் பார்க்காதீர்கள். மார்பு, இடுப்பு, கழுத்துச் சுற்றளவையும் அளவு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். போட்டபின் ஜிப்பை முழுக்க ஏற்றி, பத்து நிமிடமாவது கழற்றாமல் இருங்கள். ஆழமாக மூச்சை இழுத்து விடுங்கள். எங்கும் தடை தெரியக் கூடாது. இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள், உட்கார்ந்து எழுந்திருங்கள், இரு பக்கமும் திரும்பிப் பாருங்கள். அக்குளிலும் தொடை இடுக்கிலும் துணி தொங்கக் கூடாது. கீழ்முதுகில் ஒரு பிடி துணியைக் கையால் கொத்தாகப் பிடிக்க முடிந்தால் அந்தச் சூட் உங்களுக்கு ஆகாது. காலருக்குள் ஒரு விரல் சிரமமின்றிப் போக வேண்டும். விரல்கள் மரத்தாலோ வெளிறினாலோ மணிக்கட்டுப் பக்கம் இறுக்கம் என்று அர்த்தம். கரையில் தெரியும் இறுக்கம் நீரில் ஓரளவு குறையும் என்பது சரிதான். ஆனால் மூச்சும் கழுத்தும் கரையிலேயே சரியாக இருக்க வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எந்த ஆயத்த அளவும் ஒத்துவராத உடல்வாகு பலருக்கு உண்டு. அவர்களுக்கு அளவெடுத்துத் தைப்பதே நல்லது.

உங்கள் இதயம் பற்றி: சூட்தான் காரணம் என்று கடிதத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. அடுத்த டைவுக்கு முன் ரத்த அழுத்தமும் இசிஜியும் பார்த்துவிடுங்கள். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துடிப்புக்கோ மாத்திரை சாப்பிட்டால் அந்தச் சீட்டையும் கொண்டுபோங்கள். துடிப்பைக் குறைக்கும் சில மாத்திரைகள் இந்தத் தலைசுற்றலை அதிகமாக்கும். சூட் இல்லாமல், சாதாரணமாகச் சட்டைக் காலர் பொத்தானைப் போடும்போதோ சவரம் செய்யும்போதோ கண் இருட்டியதுண்டா என்று யோசித்துப் பாருங்கள். உண்டு என்றால் அதைத்தான் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும்.