புதிய ஆண்ட்ராய்டு வசதிகளைப் பயன்படுத்த பழைய போன்களைக் கைவிடத்தான் வேண்டுமா?

உங்கள் ஆப்பின் மின்எஸ்டிகே (ஆப் இன்ஸ்டால் ஆகும் மிகப் பழைய ஆண்ட்ராய்டின் எண்) 24, அதாவது ஆண்ட்ராய்டு 7.0. ஆண்ட்ராய்டு 15-க்கு (எண் 35) மாற வேண்டியிருப்பதால் அதை 33 ஆக்கச் சொல்கிறார் டீம் லீட், வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. உங்கள் லீட் இரண்டு எண்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார் என்றே தோன்றுகிறது.

கம்பைல்எஸ்டிகே என்பது கம்பைலருக்கு எந்த ஏபிஐ (ஆண்ட்ராய்டு ஆப்களுக்குத் தரும் மெத்தட்களின் தொகுப்பு, வெர்ஷனுக்கு ஓர் எண்) வரை தெரியும் என்பது. டார்கெட்எஸ்டிகே என்பது எந்த வெர்ஷனின் நடத்தை விதிகளுக்கு ஆப் ஒத்துக்கொள்கிறது என்பது. மின்எஸ்டிகே ஒன்றுதான் எந்தப் போன் வரை இன்ஸ்டால் ஆகும் என்று தீர்மானிக்கிறது. 2025 ஆகஸ்ட் 31 முதல் ப்ளே ஸ்டோர் 35 கேட்பது டார்கெட்டுக்கு. மூன்றையும் முறையே 35, 35, 24 என்று தாராளமாக வைக்கலாம்.

ஆனால் கம்பைல்எஸ்டிகேயை 35 ஆக்கிய அன்றே, கோடில் ஒரு வரிகூட மாற்றாமல், பழைய போனில் கிராஷ் வரலாம். கோட்லின் மொழியின் மியூட்டபிள்லிஸ்டில், அதாவது மாற்றக்கூடிய பட்டியலில், முதல், கடைசி உறுப்பை நீக்கும் ரிமூவ்ஃபர்ஸ்ட், ரிமூவ்லாஸ்ட் எங்கெங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். முன்பு அவை கோட்லின் வெளியிலிருந்து ஒட்டவைத்த எக்ஸ்டென்ஷன் ஃபங்ஷன்கள். ஆண்ட்ராய்டு 15-ல் ஜாவா லிஸ்டுக்கே அதே பெயரில் மெத்தட்கள் வந்துவிட்டன. மெம்பர் மெத்தட் இருக்கும்போது கோட்லின் எக்ஸ்டென்ஷனைத் திரும்பிப் பார்க்காது. அழைப்பு ஜாவா மெத்தடுக்குப் போய்விடும். ஆண்ட்ராய்டு 14-லும் அதற்குக் கீழும் அந்த மெத்தட் கிடையாது, 'அப்படி ஒரு மெத்தட் இல்லை' என்ற நோசச்மெத்தட்எரர்தான் மிச்சம். ரிமூவ்அட்(0), ரிமூவ்அட்(லாஸ்ட்இண்டெக்ஸ்) என்று மாற்றிவிட்டால் தீர்ந்தது. 'கோடைச் சோதிக்கும் லின்ட் கருவி பிடிக்குமே' என்று கமெண்டில் ஒருவர் வருவார். ஆப்பை பில்ட் செய்யும் ஆண்ட்ராய்டு கிரேடில் ப்ளகின் புதியதாக இருந்தால் பிடிக்கும், உண்மை. 'பழைய போனில் இந்த ஏபிஐ இல்லை' என்னும் நியூஏபிஐ எச்சரிக்கைகளையெல்லாம், லின்ட் கண்டுகொள்ளாமல் விடும் பேஸ்லைன் ஃபைலில் தள்ளி மூடி வைத்திருக்கும் ப்ராஜெக்டில் அது என்ன செய்யும்?

புதிய ஏபிஐயை அழைக்கும் முன் எஸ்டிகே_இன்ட் (போனில் ஓடும் ஆண்ட்ராய்டின் ஏபிஐ எண்) சோதனை போடுவது எல்லோருக்கும் தெரியும். எல்ஸ் பக்கம், அதாவது பழைய போனுக்கு, என்ன எழுதுகிறோம் என்பதில்தான் சறுக்கல். நோட்டிஃபிகேஷன் அனுமதி ஆண்ட்ராய்டு 13-ல், அதாவது ஏபிஐ 33-ல் வந்தது. ஆண்ட்ராய்டு 12 ஓடும் போனுக்கு அப்படி ஒரு அனுமதி இருப்பதே தெரியாது. 'அனுமதி இருக்கிறதா' என்று சிஸ்டத்திடம் நேரடியாக செக்செல்ஃப்பெர்மிஷன் மூலம் கேட்டால் 'மறுக்கப்பட்டது' என்று வரும். அதை நம்பி நோட்டிஃபிகேஷனை நிறுத்தும் கோட், அதுவரை ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்களுக்கும் நிறுத்திவிடும். கிராஷ் ஆகாது, ரிப்போர்டும் வராது. அனுமதி கேட்பதை 33-லும் அதற்கு மேலும் மட்டும் வையுங்கள்; காட்டலாமா என்பதற்கு நோட்டிஃபிகேஷன்மேனேஜர்காம்பாட்டின் ஆர்நோட்டிஃபிகேஷன்ஸ்எனேபிள்ட் போதும், எல்லா வெர்ஷனிலும் சரியாகச் சொல்லும்.

ஃபங்ஷனுக்கு மேலே @ரிக்வயர்ஸ்ஏபிஐ(33) என்ற குறிப்பை எழுதிவிட்டால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் ஏராளம். ரன்டைமில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. சோதிக்கும் பொறுப்பை அழைப்பவர் தலையில் கட்டுகிறது, அவ்வளவுதான்.  

தேதி, நேரத்துக்கான ஜாவா.டைம், ஏபிஐ 26-ல் வந்தது, உங்களுக்கு 24-ல் வேண்டும். பில்ட் ஃபைலில் கோர்லைப்ரரிடீஷுகரிங்எனேபிள்ட் (புதிய ஜாவா வசதிகளைப் பழைய போனிலும் ஓடவைப்பது) என்பதை ட்ரூ ஆக்கி, டீஷுகர்_ஜேடிகே_லிப்ஸ் டிபென்டென்சியைச் சேர்த்தால் லோக்கல்டேட் முதலானவை 24-லும் ஓடும். லைப்ரரி மாட்யூலில் மட்டும் போட்டால் பத்தாது, ஆப் மாட்யூலிலும் போட வேண்டும்.

படம் தேர்ந்தெடுக்கும் திரையான போட்டோ பிக்கருக்குச் சோதனையே தேவையில்லை. பிக்விஷுவல்மீடியா கான்ட்ராக்ட்டைக் கொடுங்கள், பல படங்கள் என்றால் பிக்மல்டிபிள்விஷுவல்மீடியா. பிக்கர் இல்லாத போனில் அதுவே ஓப்பன் டாக்குமென்ட் திரைக்கு இறங்கிவிடும். அங்கே 'அதிகபட்சம் 5 படம்' என்ற வரம்பு மதிக்கப்படாது. திரும்பி வரும் பட்டியலை நீங்களே எண்ணிப் பார்த்து வெட்டுங்கள்.

டெஸ்ட் செய்ய 24, 26, 32, 33, 35 எமுலேட்டர்கள் போதும்: தரை, கூரை, நீங்கள் எழுதிய ஒவ்வொரு இஃப் சோதனையின் இரு பக்கம். ரிலீஸ் பில்டில் ஓட்டுங்கள், டீபக்கில் அல்ல. 24-ல் நெட்வொர்க் மட்டும் தோற்றால் உங்கள் கோடைக் குடைய வேண்டாம். உங்கள் சர்வர் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பின் பாதுகாப்புச் சான்றிதழைப் பயன்படுத்தினால், காரணம் அதுவாக இருக்கலாம்: அதன் ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 மூலச் சான்றிதழ் ஆண்ட்ராய்டு 7.1.1-லிருந்துதான் போனிலேயே இருக்கிறது. அந்த மூலச் சான்றிதழை ஆப்பின் ரா ஃபோல்டரில் போட்டு, நெட்வொர்க் செக்யூரிட்டி கான்ஃபிகில் சிஸ்டம் சான்றிதழ்களோடு சேர்த்துக் குறிப்பிடுங்கள்.

மின்எஸ்டிகேயை உயர்த்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ப்ளே கன்சோலில் உங்கள் ஆப்பைப் பழைய வெர்ஷன்களில் வைத்திருப்பவர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ காட்டும் சதவீதம் உலகத்துக்கானது, உங்கள் பயனர்களுக்கானது அல்ல. ஏதாவது ஒரு லைப்ரரி மின்எஸ்டிகே 26 கேட்டால், ஆப், லைப்ரரி இரண்டின் மேனிஃபெஸ்ட்களையும் இணைக்கும் மேனிஃபெஸ்ட் மெர்ஜர் பில்டை நிறுத்தும். டூல்ஸ்:ஓவர்ரைட்லைப்ரரி போட்டு அதன் வாயை அடைக்கலாம், ஆனால் அந்த லைப்ரரியைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் சோதனை உங்கள் பொறுப்பு. அந்த லைப்ரரி, ஆப் திறந்ததும் சிஸ்டமே இயக்கும் கன்டென்ட்ப்ரொவைடர் வழியாகத் தானே தொடங்கும் ரகமாக இருந்தால் அந்தச் சோதனையும் உதவாது. அப்ளிகேஷன் ஆன்கிரியேட்டுக்கு முன்பே ப்ரொவைடர் ஓடிவிடும். டூல்ஸ்:நோட் ரிமூவ் கொடுத்து அந்த ப்ரொவைடரை மேனிஃபெஸ்டிலிருந்து எடுத்துவிட்டு, 26-லும் அதற்கு மேலும் மட்டும் கையால் இனிஷியலைஸ் செய்யுங்கள்.