பெரியவர்களின் சோம்பேறிக் கண்: தலையில் கரன்ட் கொடுத்தால் சரியாகுமா?

கேள்வி: எனக்கு 34 வயது. இடது கண்ணில் கண்ணாடி போட்டும் பார்வை 6/24 தான் (மற்றவர்கள் 24 மீட்டரில் படிப்பதை நான் 6 மீட்டரில்தான் படிக்க முடியும்). "சின்ன வயசுலயே வந்திருக்கணும்மா, இனி முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். இப்போது தலையில் லேசாகக் கரன்ட் வைத்தே சரிசெய்கிறார்களாமே?
*– வாசகி, கரூர்*

பதில்: பாவம், அந்தக் கண் சோம்பேறி இல்லை. மாறுகண்ணாலோ, இரு கண்களுக்கும் பவர் வெகுவாக வேறுபட்டதாலோ சிறுவயதில் அது தெளிவான படத்தை அனுப்பவில்லை. அதனால் அதை ஒதுக்கிவிட மூளை பழகிக்கொண்டது. தலைக்கு வெளியிலிருந்து கரன்ட்டாலோ காந்தத்தாலோ மூளையைத் தூண்டி, அந்தப் பழக்கத்தைத் தளர்த்துவதுதான் இந்த முறையின் நோக்கம்.

2008-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு, பிடரிக்கு மேலே உள்ள பார்வைப் பகுதியில் காந்தத் துடிப்புகள் கொடுத்தது. மந்தமான கண் மெல்லிய, வெளிறிய கோடுகளை முன்பைவிட நன்றாகப் பிரித்தறிந்தது. ஆனால் பலன் நிலைக்கவில்லை. 2013-ல் வேறு வகைத் துடிப்புகளை 5 நாள் தொடர்ந்து கொடுத்தபோது, முன்னேற்றம் 78 நாள் வரை இருந்தது. இரண்டுமே சிறிய ஆய்வுகள். வெளிறிய கோடு தெரிவதும், கண் சோதிக்கும் எழுத்துச் சார்ட்டில் இன்னும் இரண்டு வரி இறங்கிப் படிப்பதும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். எனவே "முடியவே முடியாது" என்பதும் சரியில்லை, "சரிசெய்கிறார்கள்" என்பதும் சரியில்லை. இது இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது.

கேள்வி: ஆன்லைனில் மூளைக்கு மின்சாரம் தரும் ஹெட்செட் விற்கிறார்கள். பேட்டரிதானே, வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாமா?
*– வாசகர், ஆவடி*

பதில்: வேண்டாம். முதலில் இடமே தவறிப்போகும். அந்த ஹெட்செட்களில் பல நெற்றிக்கென்று செய்தவை. பார்வைக்கான இடத்தை டேப் வைத்து அளந்துதான் பிடிக்க வேண்டும். மூக்கின் வேர்ப்பள்ளத்திலிருந்து உச்சி வழியாகப் பிடரி மேட்டு எலும்பு வரை 36 செ.மீ. என்றால், அந்த மேட்டிலிருந்து பத்தில் ஒரு பங்கு, அதாவது 3.6 செ.மீ. மேலே நேர்மின் முனையின் ஸ்பாஞ்ச் (கரன்ட்டைத் தோலுக்குக் கடத்தும், உப்புநீரில் நனைத்த பஞ்சு) உட்காரும். மற்றொன்று உச்சந்தலையில். ஆய்வகங்களில் பெரும்பாலும் 1 முதல் 2 மில்லிஆம்பியர், 20 நிமிடம் வரை. தொடக்கத்தில் அரை நிமிடம் போலப் படிப்படியாக ஏற்றுவார்கள், முடிவில் அப்படியே இறக்குவார்கள்.

சொதப்புவது ஸ்பாஞ்சில்தான். ஓரம் காய்ந்தால் கரன்ட் ஈரமுள்ள சிறு இடத்தில் குவிந்து தோலைச் சுட்டுவிடும். உப்புநீர் அதிகமாகி முடி வழியே வழிந்தால், இரண்டு ஸ்பாஞ்சுக்கும் நடுவில் ஈரப்பாலம் உண்டாகி, கரன்ட் மண்டைத் தோலோடு போய்விடும். மூளைக்குச் சேருவது குறையும், மீட்டரோ சரியான அளவைத்தான் காட்டும்! நம் ஊர் எண்ணெய்த் தலையில் தொடுப்பே சரியாகக் கிடைக்காது. தலைக்குக் குளித்து, முடியை வகிடெடுத்துப் பிரித்துத்தான் வைக்க வேண்டும்.

இன்னொன்று, கரன்ட் மட்டும் போதாது. 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் 16 இளைஞர்கள் இரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டும் வீடியோ கேம் ஆடினார்கள். மந்தக் கண்ணுக்குப் பளிச்சென்ற படம், நல்ல கண்ணுக்கு மங்கலான படம். கேமோடு கரன்ட்டும் சேர்ந்தபோது, ஆழம் அறியும் பார்வை கேம் மட்டும் ஆடியதைவிடக் கூடியது. பயிற்சிதான் சோறு, கரன்ட் அதற்குத் தொட்டுக்கொள்ள.

கேள்வி: எனக்குச் சிறுவயதில் வலிப்பு வந்திருக்கிறது. இதற்குப் போகலாமா? இல்லையென்றால் வேறு என்ன செய்வது?
*– வாசகி, தஞ்சாவூர்*

பதில்: வலிப்பு வந்தவர்கள், தலைக்குள் உலோகமோ காக்ளியர் இம்ப்ளாண்டோ (காது கேட்க உள்ளே பொருத்தும் கருவி) உள்ளவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்களை இத்தகைய ஆய்வுகளில் பொதுவாகச் சேர்ப்பதில்லை. காந்தத் தூண்டலில் அரிதாக வலிப்பே வரக்கூடும்.

எளிய வழியை முதலில் பாருங்கள். சொட்டுமருந்து விட்டுப் பவரைப் புதிதாகச் சோதித்து, அந்தக் கண்ணாடியை நாள் முழுக்க மூன்று நான்கு மாதம் போடுங்கள். பெரியவர்களிலும் சிலருக்கு அதிலேயே பார்வை கொஞ்சம் ஏறுவதுண்டு. நல்ல கண்ணை மூடும் பேட்ச் போடுவதை நீங்களாகத் தொடங்க வேண்டாம். மூளை ஒதுக்கி வைத்த படம் திரும்பி வந்து, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தால் அதை நிறுத்துவது கஷ்டம். மாறுகண் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

கண்ணாடி வாங்கும்போது பாலிகார்பனேட் லென்ஸாகக் கேளுங்கள், பவர் பூஜ்யமாக இருந்தாலும் நல்ல கண்ணுக்கும் சேர்த்துத்தான். பட்டாசோ கிரிக்கெட் பந்தோ பட்டுப் பறிபோனால், உங்களுக்கு மாற்றுக் கண் இல்லை.