மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிரஷர்: ஆல்டோஸ்டிரோன் பரிசோதனை எதற்கு?

கேள்வி: என் வயது 41. மூன்று வகை மாத்திரை சாப்பிட்டும் பிரஷர் 150/95-க்குக் கீழே இறங்குவதில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் 3.3 என்று குறைவாக இருக்கிறது. ஆல்டோஸ்டிரோன், ரெனின் இரண்டையும் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். நான்காவது மாத்திரை கொடுத்தால் போதாதா?

பதில்: போதாது. இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ஆல்டோஸ்டிரோன் மிகுந்திருந்தால் அது பிரஷரை மட்டும் ஏற்றுவதில்லை. ரத்தக் குழாயையும் உறுப்புகளையும் நேரடியாகவே கெடுக்கிறது.

சிறுநீரகத்தின் உச்சியில் தொப்பி போல இருக்கும் அட்ரினல் சுரப்பியில் இந்த ஹார்மோன் உண்டாகிறது. உடம்பில் உப்பு குறையும்போது சிறுநீரகம் ரெனின் என்ற நொதியை விடும். அதன் தூண்டுதலில் ஆல்டோஸ்டிரோன் வரும். சிறுநீரில் போகவிருந்த சோடியத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளும். உப்பு போதும் என்றானதும் சுரப்பு அடங்க வேண்டும். சிலருக்கு அடங்குவதில்லை. ஒரு சுரப்பியில் சின்னக் கட்டி இருக்கும் (பெரும்பாலும் புற்றுநோய் அல்ல), அல்லது இரண்டு சுரப்பிகளும் மிகையாகச் சுரக்கும். 1955-ல் மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர் ஜெரோம் கான் இதை விவரித்தார். அரிய நோய் என்றே வெகுகாலம் நினைத்தோம். உங்களைப் போல மாத்திரைக்கு அடங்காத பிரஷர் உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது இருக்கிறது. பலருக்குப் பொட்டாசியம் சரியாகவே இருப்பதால் யாரும் சந்தேகிப்பதில்லை.

சரி, ரத்தக் குழாய்க்கு என்ன ஆகிறது? ஆல்டோஸ்டிரோனை ஏற்கும் ஏற்பிகள் குழாயின் உட்சுவரிலும் தசையிலும் இதயத்திலும்கூட உண்டு. நல்ல உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயைத் தளர்வாக வைத்திருக்கும். ஆல்டோஸ்டிரோன் மிகும்போது, அதுவும் உப்பு அதிகம் சேரும் உடம்பில், அந்தச் சுரப்பு குறைகிறது. சுவரில் அழற்சி வருகிறது. நெகிழ வேண்டிய இடத்தில் நார்த்திசு படிகிறது. வெயிலில் கிடந்த தோட்டத்து ரப்பர் குழாய் மாதிரி விறைத்துப் போகிறது. இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கிறது. மேலறை ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு, பக்கவாதம், மாரடைப்பு எல்லாமே, இதே அளவு பிரஷர் உள்ள மற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகம் வருகின்றன.

சிறுநீரகத்தில் ஒரு ஏமாற்று வேலை நடக்கிறது. வடிகட்டிகள் அளவுக்கு மீறி உழைப்பதால் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) அளவு சரியாக இருப்பதாகவே தெரியும். ஆனால் சிறுநீரில் புரதம் கசிந்துகொண்டிருக்கும். சிகிச்சை தொடங்கியபின் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறக்கூடும். பெரும்பாலும் ஏற்கெனவே மறைந்திருந்த சேதம்தான் அப்போது வெளியே தெரிகிறது. பயந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் பேசுங்கள்.

பரிசோதனைக்குக் காலையில் எழுந்து குறைந்தது 2 மணி நேரம் நடமாடிவிட்டு, 5 முதல் 15 நிமிடம் உட்கார்ந்தபின் ரத்தம் கொடுக்க வேண்டும். பொட்டாசியத்தை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள்; அது குறைந்திருந்தால் ஆல்டோஸ்டிரோனும் குறைவாகக் காட்டி முடிவு பொய்த்துவிடும். பரிசோதனைக்கு முந்தைய நாட்களில் உப்பைத் திடீரென்று வெட்ட வேண்டாம். எந்த மாத்திரையை நிறுத்துவது என்பதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ரெனின் அடங்கிக் கிடக்க, ஆல்டோஸ்டிரோன் மட்டும் உயர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். அப்புறம் சி.டி. ஸ்கேன், அறுவைச் சிகிச்சை யோசனை இருந்தால் இரு சுரப்பிகளின் சிரைகளிலிருந்தும் ரத்தம் எடுத்து ஒப்பிடுவார்கள். கோளாறு ஒரு பக்கம் மட்டும் என்றால் லேப்ராஸ்கோப்பி மூலம் அந்தச் சுரப்பியை எடுத்துவிடலாம். சிலருக்கு அத்தோடு மாத்திரையே தேவைப்படாமல் போகும்.

இரண்டு பக்கமும் என்றால் ஸ்பைரோனோலாக்டோன் என்ற மாத்திரை, ஏற்பியிலேயே ஆல்டோஸ்டிரோனை மறிக்கும். விலையும் குறைவு. ஆண்களுக்கு மார்பில் வீக்கமோ வலியோ வரலாம்; கூச்சப்படாமல் சொல்லுங்கள், எப்ளிரினோனுக்கு மாற்றலாம். இந்த மருந்தில் இருக்கும்போது பொட்டாசியம் மிதமிஞ்சி ஏறும் ஆபத்து உண்டு. அதனால் பொட்டாசியம் கலந்த ‘லோ சோடியம்’ உப்பு வேண்டவே வேண்டாம். இளநீரிலும் பொட்டாசியம் உண்டு; தினமும் குடிப்பவர் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். தொண்டைக்கு இதமென்று அதிமதுரம் தொடர்ந்து சாப்பிடுகிறீர்களா? ஆல்டோஸ்டிரோன் மிகாமலே அதே விளைவை அது உண்டாக்கும். பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். கஷாயம், சூரணம் எது சாப்பிட்டாலும் அந்தப் பொட்டலத்தையும் அடுத்த முறை டாக்டரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.