கேளுங்கோ, சொல்லுறன்: போன் ஸ்பீக்கரை வீட்டில மாத்தலாமோ?

போன இதழில சார்ஜரைப் பற்றி எழுதினாப்பிறகு ஸ்பீக்கர் கடிதமாவே வந்து குவியுது. அதால இந்தமுறை முழுக்க அதுதான், மற்றக் கேள்வி கேட்டவை கோவிக்கவேண்டாம்.

கேள்வி: வணக்கம் அண்ணை. என்ர ஆண்ட்ரொயிட் போன் வாங்கி ரெண்டரை வருசம். போன மாசத்தில இருந்து ரிங் வந்தால் கரகரக்குது, பாட்டுப் போட்டால் தகரப் பேணிக்குள்ள இருந்து பாடுறமாதிரி, இப்ப ரெண்டு நாளாச் சத்தமே இல்லை. ஆனா காதில வச்சுக் கதைக்கேக்க வடிவாக் கேக்குது, இயர்போனிலயும் கேக்குது. ரவுணில ஒரு கடையில காட்ட போர்ட் (உள்ளுக்கு இருக்கிற சேர்க்கிட் பலகை) பிழை எண்டு சொல்லிச்சினம், சொன்ன காசுக்குப் பழைய போன் ஒண்டே வாங்கலாம். யூடியூப்பில பாத்தால் ஸ்பீக்கரை மட்டும் பத்து நிமிசத்தில மாத்தினம். நானும் கழட்டிப் பாக்கலாமோ? அம்மா தொடாதை எண்டுறா.
– சுன்னாகத்தில இருந்து ஒரு தம்பி

பதில்: தம்பி, நீங்கள் எழுதினதிலயே பாதிப் பதில் கிடக்கு. காதில வச்சுக் கேக்கிறது ஸ்கிறீனுக்கு மேல் விளிம்பில இருக்கிற சின்ன ஸ்பீக்கர். ரிங், பாட்டு, வொய்ஸ் மெசேஜ் எல்லாம் வாறது கீழ, சார்ஜ் குத்திற ஓட்டைக்குப் பக்கத்தில இருக்கிற மற்றது. முதல் கரகரத்து, பேந்து தகரச் சத்தமாகி, கடைசியா நிண்டது எண்டால் என்ர கைக்கு வந்த போன்களில அனேகமா ஸ்பீக்கர்தான் குற்றவாளி. போர்டில இருந்து ஸ்பீக்கருக்குச் சத்தத்தைப் பெருப்பிச்சுக் குடுக்கிற சில்லு, அம்ப் ஐசி எண்டுறது, போனால் இப்பிடிப் படிப்படியா இழுத்துக்கொண்டு கிடக்கிறது குறைவு. கடைக்காரர் திறந்து பாத்துத்தான் போர்ட் எண்டு சொன்னவரோ, வெளியில வச்சே சொன்னவரோ எண்டு நீங்கள் எழுதேல்லை, அதுதான் எனக்கு இடிக்குது.

ஸ்பீக்கர் ஒண்டும் பெரிய வித்தை இல்லை. திருவிழாவுக்குப் பனையில கட்டுற புனல் ஸ்பீக்கருக்குள்ளயும், உங்கட போனுக்குள்ள கிடக்கிற நகமளவு சாமானுக்குள்ளயும் இருக்கிறது ஒரே சங்கதிதான்: ஒரு காந்தம், தலைமயிர் மாதிரிச் செப்புக்கம்பியில சுத்தின சுருள், சுருளோட ஒட்டின மெல்லிய சவ்வு. கரண்ட் போய்வரச் சுருள் ஆடும், சுருளோட சவ்வும் ஆடிக் காத்தைத் தள்ளும். 1925இல அமெரிக்காவில றைசும் கெலொக்கும் செய்து காட்டின சுருள் ஸ்பீக்கரைத்தான் இண்டைக்கும் சுருக்கிச் சுருக்கிப் போனுக்குள்ள வச்சிருக்கிறாங்கள். சவ்வு கிழிஞ்சால், இல்லாட்டி ஒட்டு விட்டால் கரகரப்பு. சுருள் அறுந்தால் சத்தமே இல்லை.

கழட்ட முதல் நாலு விசயம் பாருங்கோ. புளூடூத்தை நிப்பாட்டுங்கோ, பக்கத்து அறையில தங்கச்சியின்ர இயர்பட்ஸோட போன் தானாப் போய்ச் சேந்திருக்கும், இதுக்காகவே போனைத் தூக்கிக்கொண்டு என்னட்டை வந்த ஆக்கள் இருக்கினம். ரிங் சத்தமும் பாட்டுச் சத்தமும் வேற வேற, ரெண்டையும் கூட்டிப் பாருங்கோ. போனை ஒருக்கா நிப்பாட்டித் திருப்பிப் போடுங்கோ. பிறகு டயல் பண்ணுற இடத்தில, சம்சுங் எண்டால் *#0*#, சியாமி எண்டால் *#*#6484#*#* அடிச்சால் கொம்பனி வச்சிருக்கிற ரெஸ்ற் மெனு திறக்கும், அதில ஸ்பீக்கரை மட்டும் தனியா ஒலிக்க விட்டுப் பாக்கலாம். அதிலயும் சத்தம் இல்லையெண்டால் சொவ்ற்வெயர்ப் பிழை எண்ட சந்தேகம் அரைவாசி போச்சு.

பேந்து ரோச் அடிச்சு அந்தச் சத்தம் வாற வலையைப் பாருங்கோ. சேட்டுப் பொக்கற்றில போன் வைக்கிற ஆக்களுக்கு நூலும் பவுடரும் வேர்வையும் சேந்து களிமாதிரி அடைஞ்சிருக்கும், எங்கட செம்மண் தூசியும் சேந்தால் கேக்கவே வேணாம். பாவிக்காத மெதுவான பல்லுப் பிறஷால, காஞ்சபடியே, போனைக் கவிட்டுப் பிடிச்சுத் தட்டுங்கோ. ஊசி குத்தாதேங்கோ. வலைக்குப் பின்னால சவ்வு, பக்கத்து ஓட்டைக்குள்ள மைக், ஊசிக்கு ரெண்டும் ஒண்டுதான்.

இவ்வளவுக்கும் சரிவரேல்லையெண்டால் கழட்டலாம். அம்மாவுக்கு ஒண்டு சொல்லுங்கோ, இந்த வேலையில பயப்பிட வேண்டியது ஸ்பீக்கருக்கு இல்லை, பற்றறிக்கு. லித்தியம் பற்றறி குத்துப்பட்டால், மடிஞ்சால் பத்தும், நிறையச் சார்ஜ் இருந்தால் இன்னும் மோசமாப் பத்தும், அதால 25 வீதத்துக்குக் கீழ இறங்க விட்டு ஓவ் பண்ணிப் போட்டுத் தொடங்குங்கோ. முதுகு மூடி உப்பி நிண்டால் இந்தப் பதிலை இதோட மூடிவச்சிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கோ, உப்பின பற்றறிக்கு மேல சூடு பிடிக்கக் கூடாது.

சாமான் வாங்கேக்க போனின்ர பேரைச் சொல்லி வாங்காதேங்கோ. ஒரே பேரில 4ஜி ஒண்டு, 5ஜி ஒண்டு, உள்ளுக்கு ஸ்பீக்கர் பெட்டி வேற வடிவம். செற்றிங்ஸில எபவுற் போன் எண்ட இடத்தில மொடல் நம்பர் கிடக்கு, அதைக் காட்டுங்கோ. திருப்புளி சின்னன், கிற்றார் பிக் ஒண்டு ரெண்டு (பழைய ரீலோட் கார்ட் இருந்தாலும் காணும்), பார்மசியில ஐசோபுறோபைல் அல்ககோல், ஹெயர் டிறையர், பி-7000 கம், இவ்வளவும் போதும். ஈயம் பற்ற வைக்கிற வேலை கனபோன்களில இல்லவே இல்லை.

சிம் தட்டை முதல்ல வெளியில எடுங்கோ, இதை மறந்துபோட்டு உள்ளுக்கு ஒண்டும் கிளம்புதில்லையெண்டு நெம்பி நெம்பி உடைச்சவை இருக்கினம். முதுகு விளிம்பைச் சுத்தி ரெண்டு மூண்டு நிமிசம் சூடு பிடியுங்கோ, கை வைக்கக் கொஞ்சம் கஷ்டமா இருக்கோணும், சுட்டுக் கையை எடுக்கிற அளவுக்குப் போகக் கூடாது. பிறகு கார்டை ஒரு மூலையில விட்டு மெல்ல இழுத்துக்கொண்டு வாங்கோ, உள்ளுக்கு நாலு மில்லிமீற்றருக்கு மேல தள்ளவேண்டாம். இறுகினால் திருப்பிச் சூடு, பலம் பாவிக்காதேங்கோ. முதுகில விரலடையாளம் வைக்கிற போன் எண்டால் மூடியை டக்கெண்டு தூக்கக் கூடாது, ஒரு மெல்லிய பட்டி வயர் போர்டுக்குப் போகும், அது அறுந்தால் ஸ்பீக்கர் பாட விரலடையாளம் செத்துப்போகும்.

ஸ்குறூ ஆணிகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. கடதாசியில போனைப் போலக் கீறி, எந்த ஓட்டையில கழட்டினதோ அந்த இடத்திலயே செலோரேப்பால ஒட்டுங்கோ. நீளமானதைக் கட்டையான ஓட்டையில முறுக்கிப் போர்டை ஓட்டையாக்கினது நானும் ஒருக்காச் செய்தனான், ஆரின்ர போன் எண்டு சொல்லமாட்டன்.

மேல் தகட்டைக் கழட்டினவுடன முதல் வேலை பற்றறித் தொடுப்பைக் கழட்டுறது. அது சட்டையில வாற அமத்துப் பொத்தான் மாதிரி, நகத்தால இல்லாட்டிப் பிளாஸ்ரிக்கால நேர மேல தூக்குங்கோ, திருப்புளியால நெம்பக் கூடாது. அதுக்குப் பிறகுதான் கீழ்ப்பக்கம். கறுப்புப் பிளாஸ்ரிக் பெட்டி ஒண்டை ஆறேழு ஆணி பிடிச்சுக்கொண்டிருக்கும், சிலதில ஒண்டு ஸ்ரிக்கருக்குக் கீழ ஒளிச்சிருக்கும். அதுதான் ஸ்பீக்கர் பெட்டி. தூக்கினால் கையோட வரும், வயர் இல்லை, சின்ன ஸ்பிறிங் தகடுகள் கீழ் போர்டில இருக்கிற பொன்நிறப் புள்ளிகளில முட்டிக்கொண்டு நிக்கும். சிலவேளை பிழையே இந்த இடத்தில தான், புள்ளியில பச்சை பிடிச்சிருக்கும். அல்ககோல் தொட்டுத் துடைச்சுப் போட்டுப் பழைய ஸ்பீக்கரையே ஒருக்கா வச்சுப் பாருங்கோ. மல்ரிமீற்றர் (மின்தடை அளக்கிற மீற்றர்) இருந்தால் ரெண்டு முனையிலயும் பிடியுங்கோ, கிட்டத்தட்ட 6 இல்லாட்டி 8 ஓம் காட்டினால் சுருள் உயிரோட இருக்கு, ஒண்டுமே காட்டாட்டிச் சுருள் அறுந்துபோச்சு.

புதுசை வைக்கேக்க பழையதில வாய்ப்பக்கம் ஒட்டியிருந்த பஞ்சு வளையம் புதுசிலயும் இருக்கோ எண்டு பாருங்கோ. அது இல்லாட்டிச் சத்தம் வெளியில வராமல் உள்ளுக்கே சுத்தும், பிறகு சாமான் டூப்பிளிக்கேற் எண்டு கடைக்காரரோட சண்டை. ஆணி எல்லாத்தையும் திருப்பிப் போடோணும், கனபோன்களில அந்தப் பிளாஸ்ரிக்கிலயே அன்ரெனாவும் கிடக்கு, ஒண்டு ரெண்டை விட்டால் சிக்னல் குறையும்.

கம் பூச முதல் பற்றறியைக் கொழுவிப் போனைப் போட்டு ரிங் கேட்டுப் பாருங்கோ. புதுசிலயும் சத்தம் இல்லையெண்டால் கடைக்காரர் சொன்னது சரி, அம்ப் ஐசியோ கீழ் போர்டோதான், அது வீட்டு வேலை இல்லை. சத்தம் வந்தால் பழைய கம்மைச் சுரண்டி, புதுசைப் பூசி, றபர் பான்ட் போட்டு ஒரு நாள் விடுங்கோ. முந்தித் தண்ணி போகாத போனா இருந்தாலும் இனி அப்பிடி நம்பவேண்டாம், கிணத்தடிக்குக் கொண்டுபோகாதேங்கோ.

பத்து நிமிசம் எண்டது வீடியோக்காரருக்கு. உங்களுக்கு முதல்தரம் ஒண்டரை மணித்தியாலம் வையுங்கோ.

கேள்வி: ஐயா, கனடாவில இருக்கிற மகன் வாட்ஸப்பில எடுத்தால் ரிங் பெருசாக் கேக்குது, ஆனா அவன் கதைக்கிறது கிணத்துக்குள்ள இருந்து வாறமாதிரி. ஸ்பீக்கர் மாத்தவேணும் எண்டு பேரன் சொல்லுறான்.
– நெல்லியடி அம்மா ஒராள்

பதில்: அம்மா, ரிங் பெருசாக் கேக்குதெண்டால் கீழ் ஸ்பீக்கர் நல்லா இருக்கு, பேரனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ. கோலில சத்தம் கூட்டுறது தனி, மகன் கதைச்சுக்கொண்டிருக்கேக்கதான் பக்கத்துப் பொத்தானை அமத்தோணும், சும்மா நேரத்தில அமத்தினால் ரிங்கோ பாட்டோதான் கூடும். அதுக்கும் சரிவராட்டி ஸ்கிறீனுக்கு மேல ஒட்டின கண்ணாடியைப் பாருங்கோ, காதுப்பக்க ஓட்டையில பாதியை அது மூடியிருக்கும், இல்லாட்டி அழுக்கு அடைஞ்சிருக்கும். அதுவரைக்கும் கோலில ஸ்பீக்கர் படத்தைத் தட்டிப்போட்டு மேசையில வச்சுக் கதையுங்கோ. பக்கத்து வீட்டுக்கும் மகன்ர புதினம் கேக்கும், அதுக்கு நான் பொறுப்பில்லை.

கேள்வி: நான் கைதடியில வெல்டிங் கடை வச்சிருக்கிறன். வருசத்துக்கு ரெண்டு தரம் ஸ்பீக்கர் மாத்துறன், ஏன் இப்பிடி?

பதில்: நான் மேல சொன்ன காந்தம்தான் காரணம் அண்ணை. கிறைண்டர் பிடிக்கேக்க பறக்கிற இரும்புத் தூளை அது இழுத்து வலையில மயிர் மாதிரி நிமித்தி வச்சிருக்கும், சின்னத் துணுக்கு உள்ளுக்குப் போய்ச் சவ்வில நிண்டால் சுருள் ஆடேக்க எல்லாம் கிறீச்சிடும். ஊதினால் இன்னும் உள்ளுக்குப் போகும். ஒட்டுற ரேப்பை வலையில அமத்தி அமத்தி எடுங்கோ, பத்துப் பதினைஞ்சு தரம், ஒவ்வொருக்காலும் புதுத்துண்டு. அடுத்த ஸ்பீக்கருக்குக் குடுக்கிற காசில மூடி வைக்கிற பிளாஸ்ரிக் டப்பா ஒண்டு வாங்குங்கோ, கடைக்குள்ள போன் அதுக்குள்ள இருக்கட்டும்.

கேள்வி: ஐபோனில கீழ ரெண்டு பக்கமும் ஓட்டை இருக்கு, ஒரு பக்கத்தால மட்டும்தான் சத்தம் வருது. மற்ற ஸ்பீக்கர் பழுதோ?

பதில்: இல்லை. கீழ ஒரு ஸ்பீக்கர்தான் இருக்கு, மற்றப் பக்கத்து ஓட்டை மைக்குக்கு, அழகுக்காக ரெண்டு பக்கமும் ஒரேமாதிரிப் போட்டிருக்கு. ஐபோன் 7இல இருந்து ரெண்டாவது ஸ்பீக்கரா வேலை செய்யிறது மேல, காதுப்பக்கம். காசு செலவழிக்காதேங்கோ.

கேள்வி: குருநகர். வள்ளத்தில இருந்து போன் கடலுக்குள்ள விழுந்து எடுத்தனாங்கள். ரெண்டு நாளா அரிசிக்குள்ள வச்சிருக்கு. ஸ்பீக்கர் மட்டும் கரகரக்குது, மற்றதெல்லாம் வேலை செய்யுது.

பதில்: அரிசியைச் சமையுங்கோ, போனை வெளியில எடுங்கோ. தண்ணி காஞ்சாலும் உப்புக் காஞ்சு உள்ளுக்கே நிக்கும், காத்தில ஈரம் வரவர அது திருப்பி ஊறிச் செம்பைத் தின்னும், அரிசி அதுக்கு ஒண்டும் செய்யாது. இப்ப வேலை செய்யுது எண்டு சார்ஜில போடாதேங்கோ. ஓவ் பண்ணிக் கெதியாத் திறந்து அல்ககோலால கழுவக்கூடிய ஆளிட்டைக் குடுங்கோ, ஸ்பீக்கரைப் பிறகு பாக்கலாம், முதல்ல போர்டைக் காப்பாத்தோணும்.

கேள்வி: எனக்கு வயது 15. போன் திருத்தப் பழக ஆசை. எங்க தொடங்கிறது?
– பருத்தித்துறை

பதில்: பிள்ளை, எங்கட காலத்தில சண்டைக்குள்ள கரண்ட் இல்லை, பற்றறியும் வராது. சைக்கிளைக் கவிட்டு வச்சு ஒராள் பெடல் சுத்த, டைனமோவில வயர் இழுத்து ரேடியோ கேட்டனாங்கள். செய்தி நடுவில சுத்திறவனுக்குக் கை உளைஞ்சால் செய்தியும் படுத்திடும். அந்த ரேடியோவைத் திறந்து திறந்துதான் நான் பழகினது. உங்களுக்கு அவ்வளவு கஷ்டம் தேவையில்லை, வீட்டு அலுமாரியில செத்த போன் ஒண்டு கட்டாயம் கிடக்கும். பற்றறி உப்பியிருக்கோ எண்டு வீட்டில பெரியாக்களைக் கொண்டு பாப்பிச்சு, உப்பாட்டி அதைக் கழட்டி ஸ்பீக்கரை வெளியில எடுத்துத் திருப்பிப் பூட்டுங்கோ. அஞ்சு தரம். ஆறாவது தரமும் ஒரு ஆணி மிஞ்சுதெண்டால் எனக்கு எழுதுங்கோ.