வார்ட்பர்க் கோட்டை: கேட்டதும் சொன்னதும்

ஜெர்மனியின் நடுவில், தூரிங்கியா மாநிலத்தில் ஐசனாக் என்றொரு ஊர். அதை ஒட்டிய குன்றின் உச்சியில் நிற்கிறது வார்ட்பர்க். நான் அருகில் எர்ஃபுர்ட்டில் குடியிருப்பதால், வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்களை எல்லாம் அங்கே அழைத்துப் போவது வழக்கம். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

ரைன் நதிக்கரை முழுக்கக் கோட்டைகள் இருக்கும்போது, வார்ட்பர்க்குக்கு ஏன் தனியாகப் போக வேண்டும் அக்கா?

புகைப்படத்துக்குத்தான் என்றால் மோசல் பக்கத்து எல்ட்ஸ் கோட்டைக்கே போங்கள், அது இதைவிட அழகு. வார்ட்பர்க்கின் பெருமை அங்கே நடந்தவற்றில் இருக்கிறது. புனித எலிசபெத் வளர்ந்து வாழ்ந்தது இங்கே. திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் ஒளிந்திருந்து புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் மொழிபெயர்த்ததும் இங்கேதான். ஒன்றுபட்ட ஜெர்மனி வேண்டும் என்று மாணவர்கள் திரண்டதும் இதே குன்றில். 1999-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

கட்டியது 1067 என்று ஒரு பக்கம் போட்டிருக்கிறது, 12-ஆம் நூற்றாண்டு என்று இன்னொரு பக்கம். எது சரி?

1067 என்பது மரபுக் கதை சொல்லும் ஆண்டு. லுட்விக் என்ற பிரபு இந்தக் குன்றைப் பார்த்து ஆசைப்பட்டாராம். ஆனால் நிலம் அவருடையது இல்லை. தன் சொந்த மண்ணைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து உச்சியில் கொட்டச் சொன்னார். பன்னிரண்டு வீரர்கள் அந்த மண்ணில் வாளை ஊன்றி, "இது எங்கள் பிரபுவின் மண்" என்று சத்தியம் செய்தார்கள். இது கதை. எழுத்தில் கோட்டையின் பெயர் முதன்முதலாக வருவது 1080-இல்.

இன்று நாம் உள்ளே போய்ப் பார்க்கும் அரண்மனைக் கட்டடம் அதற்குப் பிந்தியது. அதன் மர உத்தரங்களின் வளையங்களை ஆராய்ந்து, 1150-களின் பிற்பகுதியில் வேலை தொடங்கியது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே நீங்கள் பார்த்த இரண்டு பக்கங்களும் வெவ்வேறு விஷயத்தைச் சொல்கின்றன.

உள்ளே இருப்பதெல்லாம் நிஜமாகவே இடைக்காலத்துச் சரக்கா? பாதி பிற்காலத்தில் கட்டியது என்று கேள்விப்பட்டேன்.

கேள்விப்பட்டது உண்மை. போவதற்கு முன் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியதும் இதுதான். ஜெர்மன் கவிஞர் கதே 1777-இல் வந்து தங்கியபோது கோட்டை பெரும்பாலும் சிதிலம். 1838 முதல் கார்ல் அலெக்சாண்டர் என்ற இளவரசர் (பிற்பாடு வைமாரின் பெருங்கோமகன்) பல பத்தாண்டுகள் செலவழித்து அதை மீட்டார். ஹூகோ ஃபன் ரிட்கென் கட்டடக் கலைஞர். இடைக்காலம் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டு மனதில் வரைந்துகொண்ட சித்திரத்தைக் கல்லிலும் மரத்திலும் கட்டினார்கள். தூரத்திலிருந்தே தெரியும், உச்சியில் சிலுவை வைத்த பெரிய கோபுரம் 1850-களின் வேலை. மேல்தளத்தின் பெரிய விழா மண்டபமும் அப்படியே. அதன் எதிரொலி சரியாக அமைய இசையமைப்பாளர் லிஸ்ட் ஆலோசனை சொன்னார். பவேரியாவின் இரண்டாம் லுட்விக் 1867-இல் வந்து பார்த்து மயங்கி, நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையில் இதைப் போல ஒரு மண்டபம் கட்டினார்.

பழையதைப் பார்க்கக் கீழ்த்தளத்தில் நில்லுங்கள். அறையின் நடுவில் ஒற்றைத் தூண், அதன் தலைப்பில் இறக்கை விரித்த கழுகுகள். செதுக்கியவரின் உளி போன போக்கு இன்னும் தெரிகிறது. சுற்றுலாக் கூட்டம் இதைத் தாண்டி அடுத்த அறையின் தங்க மொசைக்குக்கு ஓடும். எலிசபெத்தின் வாழ்க்கையைச் சொல்லும் அந்த மொசைக் 1902 தொடங்கி 1906-இல் முடிந்தது, பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் செய்யச் சொன்னது. கண்ணைப் பறிக்கும், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அந்தக் கழுகுத் தூண்தான் வார்ட்பர்க்.

புனித எலிசபெத்தின் ரோஜா அற்புதம் இங்கே நடந்ததாகவா சொல்கிறார்கள்? எங்கள் பாட்டிக்கு அவர் மீது பக்தி அதிகம்.

ஆமாம், கதை இந்தக் குன்றுப் பாதையோடு சேர்த்துத்தான் சொல்லப்படுகிறது. ஏழைகளுக்கு ரொட்டி கொண்டுபோகும் வழியில் தடுத்துக் கேட்டபோது, கூடையில் ரோஜாக்கள் இருந்தன என்பது புராணம். மோரிட்ஸ் ஃபன் ஷ்விண்ட் 1850-களில் தீட்டிய சுவரோவியங்களில் அதைப் பார்க்கலாம். பாட்டிக்குப் படம் எடுத்து அனுப்புங்கள்.

வரலாறே மனதை உருக்கும். ஹங்கேரி அரசரின் மகள். நான்கு வயதில் 1211-இல் இங்கே அழைத்துவரப்பட்டார். 1221-இல் பிரபு நான்காம் லுட்விக்குடன் திருமணம். 1226-இல் பஞ்சம் வந்தபோது களஞ்சியத்தைத் திறந்துவிட்டார், கோட்டைக்குக் கீழே நோயாளிகளுக்கு மருத்துவமனை வைத்தார். அடுத்த ஆண்டே சிலுவைப்போருக்குக் கிளம்பிய கணவர் வழியில் இறந்தார். எலிசபெத் மார்பூர்க் போய் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தே 1231-இல், 24 வயதில் கண்மூடினார். நான்கே ஆண்டில் புனிதர் பட்டம்.

லூதர் பிசாசின் மேல் மைக்கூட்டை எறிந்த கறை இன்னும் சுவரில் இருக்கிறதா?

இல்லை. அது பின்னாளில் கிளம்பிய கதை. கறை மங்கும்போதெல்லாம் மறுபடி மை பூசி வந்தார்கள், பார்க்க வந்தவர்களும் அதைச் சுரண்டி எடுத்துப் போனார்கள்.

நடந்தது இது. 1521-இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன்னிலையில் தன் சமயக் கருத்துகளிலிருந்து பின்வாங்க லூதர் மறுத்தார். திரும்பும் வழியில், மே 4 அன்று, அவரைக் காப்பாற்ற சாக்சனிப் பிரபு ஃப்ரெடெரிக் ஒரு போலிக் கடத்தலுக்கு ஏற்பாடு செய்தார். வார்ட்பர்க்கில் தாடி வளர்த்து, 'யுங்கர் யோர்க்' என்ற பெயரில் வீரர் வேடத்தில் பத்து மாதம் இருந்தார். கிரேக்க மூலத்திலிருந்து புதிய ஏற்பாடு முழுவதையும் சுமார் பதினோரு வாரத்தில் மொழிபெயர்த்தார். 1522 செப்டம்பரில் விட்டன்பெர்க்கில் அச்சேறியது.

அறை மிகச் சிறியது. மரப்பலகைச் சுவர், ஒரு மேசை, ஒரு நாற்காலி, கால் வைக்கத் திமிங்கலத்தின் முதுகெலும்புத் துண்டு ஒன்று. பழைய மேசையை யாத்திரிகர்கள் சிராய் சிராயாகப் பிய்த்துவிட்டார்கள், இப்போது இருப்பது வேறு. அந்த எலும்பு மட்டும் லூதர் காலத்தது. வாசலோடு எட்டிப் பார்த்துவிட்டு நகர்கிறவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை.

1817 மாணவர் விழா என்றால் என்ன?

அக்டோபர் 18 அன்று, சுமார் ஐந்நூறு மாணவர்கள் கூடி, சிதறிக் கிடந்த சிற்றரசுகள் ஒரே நாடாக வேண்டும், உரிமைகள் வேண்டும் என்று முழங்கினார்கள். இன்றைய ஜெர்மன் கொடியின் கருப்பு, சிவப்பு, பொன் நிறங்களின் தொடக்கம் அந்த மாணவர் இயக்கத்தில். அன்று மாலை சிலர் தங்களுக்குப் பிடிக்காத நூல்களின் பெயர் எழுதிய கட்டுகளைத் தீயில் போட்டார்கள். அதையும் சேர்த்துத்தான் நினைவில் வைக்க வேண்டும்.

பிராங்பர்ட்டிலிருந்து ஒரே நாளில் போய்வர முடியுமா?

தாராளமாக. அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. டாய்ச்லாந்து டிக்கெட் (வட்டார ரயில், பேருந்துகளுக்கான மாதச் சீட்டு) அதில் செல்லாது. அதை வைத்துக்கொண்டு வட்டார ரயில்களில் மாறி மாறிப் போனால் நேரம் கூடும், ஆனால் முடியும். காலையிலேயே கிளம்புங்கள். ஐசனாக் நிலையத்திலிருந்து பேருந்து உண்டு. கால் நன்றாக இருந்தால் காட்டுப்பாதையில் ஏறுங்கள், முக்கால் மணி நேரம் ஆகும். கட்டணமும் திறக்கும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும், முந்தின நாள் இணையத்தில் சரிபாருங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. கூட்டிப் போகலாமா அக்கா?

பேருந்து உச்சிவரை போகாது. நிறுத்தத்திலிருந்து செங்குத்தான ஏற்றம், இல்லையென்றால் படிகள். உள்ளேயும் குறுகிய படிக்கட்டுகள்தான். நடக்க முடியாதவர்களுக்கு வாகன ஏற்பாடு கிடைக்குமா என்று கோட்டைக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். முற்றங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அம்மா அங்கேயே உட்கார்ந்து தூரிங்கியக் காட்டைப் பார்க்கட்டும், அதுவே நிறைவாக இருக்கும்.

சைவச் சாப்பாடு?

இந்த ஊரின் உருளைக்கிழங்கு உருண்டை, 'க்ளோஸெ', வயிறு நிறையும். ஆனால் மேலே ஊற்றும் குழம்பு பெரும்பாலும் இறைச்சிச் சாறு. காளான் குழம்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

இரண்டு நாள் இருந்தால் இன்னும் என்ன பார்க்கலாம்?

இசைமேதை பாக் 1685-இல் பிறந்தது ஐசனாக்கில். பாக் அருங்காட்சியகத்தில் பழைய இசைக்கருவிகளை வாசித்தே காட்டுவார்கள். நடக்கப் பிடித்தால் டிராகன் பள்ளத்தாக்கு. பாசி படர்ந்த பாறைகள் இருபுறமும் நெருங்கி, சில இடத்தில் ஒருவர் மட்டுமே போகும் அகலம். மழை பெய்த மறுநாள் வழுக்கும், நல்ல பிடிப்புள்ள ஷூ அவசியம்.

நாங்கள் லுத்தரன் திருச்சபைக் குடும்பம். தரங்கம்பாடிக்கும் இந்தப் பக்கத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் வார்ட்பர்க்கில் தேடாதீர்கள், ஹாலே நகருக்குப் போங்கள். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் ஹாலேயில் படித்தவர். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714-15-இல் தரங்கம்பாடியிலேயே அச்சானது. ஹாலேயின் ஃபிராங்கே நிறுவன ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளே இருக்கின்றன. ஐசனாக்கிலிருந்து எர்ஃபுர்ட்டில் ரயில் மாறிப் போகலாம். சுவடிகளைப் பார்க்க விரும்பினால் கிளம்பும் முன்பே காப்பகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்டுவிடுங்கள்.