மரக்கப்பலுக்கு பீரங்கி, பீரங்கிக்கு வண்டி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மாடல் கப்பலின் உடம்பைப் பலகை பலகையாக ஒட்டி, பாய்மரமும் நிறுத்திவிட்டு, கடைசியில் பீரங்கியில் கோட்டை விடுபவர்கள் நிறைய பேர். கேள்விகளைப் பார்த்தாலே தெரிகிறது. பீரங்கி என்பது அலங்காரப் பொருள் இல்லை, அளவுப் பொருள். அளவு தப்பினால் மொத்தக் கப்பலும் பொம்மையாகிவிடும். கேட்டவர்கள் எல்லோரும் வடசென்னைக்காரர்கள் என்பதால், பொருள் கிடைக்கும் இடங்களையும் ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன்.

வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு வீட்டில் கிலோ கணக்கில் கிடக்கிறது. அதை உருக்கி பீரங்கி வார்க்கலாமா? (காசிமேடு வாசகர்)

வார்த்தால் அழகாகத்தான் வரும். ஆனால் செய்யாதீர்கள். உருக்கும்போது வரும் புகையும், பிறகு ராவும்போது பறக்கும் தூளும் உடம்புக்குக் கேடு, அதுவும் குழந்தைகள் இருக்கும் வீட்டில் கூடவே கூடாது. இது முதல் காரணம். இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. இந்த ஈயத்துக்கு, அதாவது காரீயத்துக்கு, அசிட்டிக் அமிலம் ஆகாது. மரத்திலிருந்து அந்த அமில ஆவி கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும், ஓக் மரத்தில் இன்னும் அதிகம். நாம் ஒட்டுவதற்கு ஊற்றும் ஃபெவிகால் வகைப் பசையிலிருந்தும் வரும். கப்பலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால் ஆவி வெளியே போக வழியில்லை. நம் பக்கத்துக் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். சில வருடங்களில் குழல் மேல் வெள்ளையாகப் பொடி பூக்கும். அது பூஞ்சை இல்லை, ஈயமே கார்பனேட்டாக மாறுவது. துடைத்தால் போகாது, உள்ளே தின்றுகொண்டே போகும். பெயிண்ட் அடித்திருந்தாலும் அடியில் உப்பி, பெயிண்ட்டைத் தள்ளிவிடும். அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய மாடல்களுக்கே இந்த வியாதி உண்டு.

வார்த்தே தீர வேண்டும் என்றால் வெள்ளீயம் வாங்குங்கள். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு செய்கிற அதே உலோகம். 232 டிகிரியில் உருகிவிடும், காரீயத்துக்கு 327 டிகிரி வேண்டும். விலைதான் கொஞ்சம் கடிக்கும். ரிச்சி தெருவில் காரீயம் கலக்காத சோல்டர் கேட்டு வாங்கினாலும் சரி, அது பெரும்பகுதி வெள்ளீயம்தான். சாதாரண சோல்டரில் காரீயம் கலந்திருக்கும், பார்த்து வாங்குங்கள். எந்த உலோகம் ஆனாலும் கண்ணாடிப் பெட்டியின் அடியில் நாலு காற்றோட்டத் துளை போட்டுவிடுங்கள்.

கிட்டோடு (கடையில் விற்கும் மாடல் பாகங்களின் தொகுப்பு) வந்த பீரங்கி எல்லாம் ஒரே அளவு. கப்பல் 1:64, அதாவது நிஜக் கப்பலில் 64-இல் ஒரு பங்கு. கீழ்த்தளத்துக்கு 32 பவுண்டு பீரங்கி என்று போட்டிருக்கிறது. சரியான நீளம் என்ன? (பெரம்பூர் வாசகர்)

32 பவுண்டு என்பது குண்டின் எடை, கிட்டத்தட்ட 14.5 கிலோ. பிரிட்டிஷ் கப்பல்களில் இந்த வகை நீளப் பீரங்கி 9 அடி 6 அங்குலம். உங்கள் அளவில் 45 மில்லிமீட்டர் வரும். இந்த நீளத்தில் பின்பக்கக் குமிழ் சேர்த்தி இல்லை. பின்வளையத்திலிருந்து வாய் வரை மட்டும்தான் கணக்கு. குமிழையும் சேர்த்து 45 மில்லிமீட்டருக்குள் அடக்கினால் குழல் குட்டையாகிவிடும்.

வாய்த் துளை 6.41 அங்குலம், அதாவது உங்களுக்கு இரண்டரை மில்லிமீட்டர். குழலை வண்டியில், அதாவது சக்கரம் வைத்த மரத்தாங்கியில், தாங்கும் பக்க முளைகளின் தடிமனும் நீளமும் ஏறக்குறைய அதே அளவு. முளை நடுவில் வராது. பின்வளையத்திலிருந்து நீளத்தில் ஏழில் மூன்று பங்கு தள்ளி வரும், உங்களுக்கு 19 மில்லிமீட்டர் சொச்சம். 18-ஆம் நூற்றாண்டுக் குழல்களில் அது மைய அச்சுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். கிட் தயாரிப்பவர்கள் அநேகமாக நட்டநடுவில் துளை போட்டுக் கொடுப்பார்கள், அதனால் குழல் வண்டிக்குள் அமுங்கிப்போய் உட்காரும்.

1805-இல் டிரஃபால்கர் போருக்குப் போன பிரிட்டிஷ் கப்பல் விக்டரியில் கீழ்த்தளத்தில் 32 பவுண்டு, நடுத்தளத்தில் 24, அதற்கு மேல் 12 என்று இருந்தன. அடியில் பாரம் இருந்தால்தான் கப்பல் கவிழாது. 24 பவுண்டுக்கும் அதே ஒன்பதரை அடிதான், பருமன் மட்டும் குறைவு. ஒரே அளவுக் குழலை மூன்று தளத்திலும் மாட்டினால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ உறுத்தும்.

வண்டியின் முன்சக்கரம் பெரிது, பின்சக்கரம் சிறிது. கிட்டில் தப்பா? (கொருக்குப்பேட்டை வாசகர்)

சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். மேல்தளம் நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் இருக்கும், தண்ணீர் வடிய. முன்சக்கரம் தாழ்ந்த பக்கம் நிற்பதால் பெரிதாக வைத்தால்தான் வண்டி மட்டமாக நிற்கும். மாற்றி மாட்டிவிடாதீர்கள்.

டிரிங்கோமலி கப்பல் செய்கிறேன். 28 வண்டி ஒரே மாதிரி வர வேண்டும். மூன்றாவதிலேயே அளவு ஓடிவிடுகிறது. (பழைய வண்ணாரப்பேட்டை வாசகி)

நல்ல கப்பலைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் அம்மா. பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817-இல் நீரில் இறக்கியது. இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது.

கப்பல் தேக்கு என்பதற்காக வண்டிக்கும் தேக்கை எடுக்காதீர்கள். இந்தச் சின்ன அளவில் தேக்கின் ரேகை கயிறு மாதிரி தெரியும், படி வெட்டும்போது ஓரம் பிய்ந்துவரும். வெப்பாலை கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. சன்னபட்ணா பொம்மை கடைகிறார்களே, அந்த மரம். மஞ்சக்கடம்பும் பரவாயில்லை.

ஒவ்வொரு வண்டியாகச் செய்வதுதான் உங்கள் சிக்கல். முதலில் 56 பக்கப்பலகைகளையும் முடியுங்கள். பலகைத் துண்டுகளை எட்டு எட்டாக, நடுவில் இருபக்க டேப் போட்டு, அடுக்கி ஒட்டுங்கள். மேலே காகித அச்சை ஒட்டி, அடுக்கு முழுவதையும் ஒரே கட்டையாக நினைத்து அறுத்து ராவுங்கள். பின்பக்கம் இறங்கும் படிகளை வைஸில் இறுக்கிக்கொண்டு சதுர அரத்தால் எடுங்கள். அரம் எட்டுப் பலகை மேலும் ஒன்றாக ஓடும்போது ஒரு சீரான கரகரப்பு கேட்கும். சத்தம் விட்டுவிட்டு வந்தால் அரம் சாய்ந்துவிட்டது என்று அர்த்தம், நிறுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். முளை உட்காரும் அரைவட்டத்துக்கு, விளிம்பை வெட்டுவதற்கு முன்பே முழுத்துளை போட்டு, அப்புறம் பாதியோடு அறுங்கள். வெட்டின விளிம்பில் டிரில் வைத்தால் வழுக்கும்.

சேர்ப்பதற்கு ஒரு அச்சுக்கட்டை அவசியம். இரண்டு பக்கப்பலகைகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்காது. குழல் வாய்ப்பக்கம் சிறுத்துப்போவதால் பலகைகளும் முன்பக்கம் நெருங்கும். அந்தச் சரிவில் ஒரு ஆப்பு மரக்கட்டை வெட்டி, இரு பக்கமும் பலகையை அணைத்து ஒட்டினால் 28-ம் அச்சடித்தது மாதிரி வரும். சக்கரத்துக்கு உருளைக்குச்சியைச் சீவும் முன், வெட்டும் இடத்தில் ஃபெவிக்விக் ஒரு சொட்டு ஊறவிடுங்கள், நார் பிரியாது.

குழல்களை நீங்களே கடைய வேண்டாம். பித்தளை ராடு மண்ணடியில் வாங்கி, வியாசர்பாடி பக்கம் ஏதாவது லேத் பட்டறையில் கொடுங்கள். 28 என்றால் எடுத்துக்கொள்வார்கள், நாலு என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். ராடு உருளையாக இருக்கும்போதே முளைத் துளையைப் போடச் சொல்லுங்கள். கூம்பாகக் கடைந்த பிறகு போட்டால் நேராக வரவே வராது.

இன்னொன்று. உங்கள் கப்பலின் வகையில் பின்மேல்தளத்தில் கரோனேடு என்ற குட்டைப் பீரங்கிகள் உண்டு. அவை நான்கு சக்கர வண்டியில் வராது, சறுக்குப் பலகையில் உட்காரும். அதைத் தனியாகத் திட்டமிடுங்கள்.

பீரங்கிக் கயிறுக்கு வலை பின்னும் நைலான் நூல் போடலாமா? (ராயபுரம் வாசகர்)

வேண்டாம். பளபளக்கும், பசை பிடிக்காது, வளைத்த இடத்தில் நிற்காமல் ஸ்பிரிங் மாதிரி எழும்பும். பருத்தி நூலோ, பளபளப்பில்லாத பாலியஸ்டர் நூலோ எடுங்கள்.

தடிமனில் ஒரு பொறி இருக்கிறது. பழைய கப்பல் கணக்கில் ஏழு அங்குலக் கயிறு என்றால் சுற்றளவு ஏழு அங்குலம். விட்டம் இரண்டேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. 1:64-இல் அது 0.9 மில்லிமீட்டர். பலர் ஏழு அங்குலத்தையே விட்டமாக எடுத்து வடக்கயிறு கட்டிவிடுகிறார்கள். சுட்டதும் பின்னால் பாயும் பீரங்கியைப் பிடித்து நிறுத்தும் இந்தக் கயிறு குழலின் நீளத்தைப் போல மூன்று மடங்கு இருக்கும். பீரங்கி வாய் வெளியே நீட்டி நிற்கும்போது கயிறு தொய்ந்துதான் கிடக்க வேண்டும். விறைப்பாக ஒட்டினால் தப்பு.

பித்தளைக் குழலைப் பாலிஷ் போட்டு மின்னவிடலாமா, கறுப்படிக்க வேண்டுமா? (திருவொற்றியூர் வாசகர்)

எந்தக் கப்பல் என்று எழுதவில்லையே. 1628-இல் முதல் பயணத்திலேயே மூழ்கிய ஸ்வீடன் கப்பல் வாசா என்றால் அதன் பெரிய பீரங்கிகள் வெண்கலம், பழுப்பு மினுக்கம் பொருந்தும். டிரஃபால்கர் போரில் பிரிட்டிஷ் தளபதியாக இருந்த நெல்சன் காலத்துக் கப்பல் என்றால் வார்ப்பிரும்பு, கறுப்புதான். புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகு கைபடாமல் பிரைமர் ஸ்பிரே, அதன் மேல் மங்கல் கறுப்பு மெல்லிசாக ஒரே பூச்சு. கடைசியில் பென்சில் தூளைத் துணியில் தொட்டு வளையங்கள் மேல் லேசாகத் தேய்த்தால் இரும்புக் களை வந்துவிடும். வண்டிக்கு மஞ்சள் காவி.

எம்டன் மாடல் செய்யப்போகிறேன். அதற்கும் சக்கர வண்டிதானா? (எண்ணூர் வாசகர்)

இல்லை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை எண்ணெய் டாங்கிகள் மேல் சுட்ட கப்பல் நவீன இரும்புக் கப்பல். பத்து 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகளும் பின்பக்கம் குண்டு போடுபவை, தளத்தோடு போல்ட் போட்டு முடுக்கியவை. இந்தப் பக்கத்தில் சொன்ன எதுவும் அதற்கு உதவாது.

நிஜ பீரங்கியைப் பார்க்க எங்கே போகலாம், சார்? (தண்டையார்பேட்டை, பள்ளி மாணவர்)

தம்பி, பீச் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியக வாசலிலேயே பழைய பீரங்கிகள் நிற்கின்றன. குழலை மட்டும் பார், அது நிற்கும் தாங்கியைக் காப்பி அடிக்காதே. கோட்டைப் பீரங்கியின் தாங்கியும் கப்பல் வண்டியும் ஒன்றில்லை. வளையங்கள் எங்கெங்கே வருகின்றன, முளை மையத்துக்குக் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறது, திரி வைக்கும் துளை எங்கே என்று நோட்டில் வரைந்துகொள். போட்டோ எடுக்கும்போது கிட்டே போகாமல், தள்ளி நின்று, நேர் பக்கவாட்டில் ஜூம் செய்து எடு. கிட்டே நின்று எடுத்தால் வாய்ப்பக்கமோ பின்பக்கமோ பெருத்துத் தெரியும், அதை வைத்து அளவெடுக்க முடியாது. உள்ளே தலைமைச் செயலகம் இருப்பதால் வாசலில் சோதனை உண்டு, பள்ளி அடையாள அட்டையை எடுத்துக்கொள். வெள்ளிக்கிழமை போகாதே, அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.